வாத்தியாருக்கு இம்போசிஷன்

ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொன்னார் வாத்தியார். பையன் இரண்டு முறை எழுதினான். மூன்றாவது முறைக்கு நோட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். திருவண்ணாமலை செங்கம் சாலையில் இன்றைக்கு ஒற்றை அறை வாடகை யானை விலை விற்கிறது என்றால், எழுதாமல் விட்ட அந்த மூன்றாவது முறைதான் அதற்கு மூலகாரணம்.

1896 ஆகஸ்ட் 29, மதுரை. அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வெங்கட்ராமனுக்கு, பெயின் எழுதிய இலக்கணப் புத்தகத்தைச் சரியாகப் படிக்காததற்குக் கிடைத்த தண்டனை அது. பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் புத்தகமும் எதற்கு என்கிற மாதிரி அண்ணன் குத்தலாக ஒரு வார்த்தை சொன்னார். பையனுக்கு அது நியாயமாகப் பட்டது. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டோடு, கையெழுத்து போடவேண்டிய இடத்தில் வெறும் கோடு இழுத்த ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ரயிலேறினான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஊரின் பொருளாதாரமே அதுதான்.

ரமணராகிவிட்ட அந்தப் பையனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அந்த வாத்தியாரைப் பற்றிப் பேச வந்தேன். அவர் இன்றைக்குத் தமிழ்நாட்டில் வேலை பார்த்தால் அன்றிரவே செயலியைத் திறந்து பதிவேற்றியிருப்பார். கண்டறியப்பட்ட கற்றல் இடைவெளி: இலக்கணம். மேற்கொண்ட குறைதீர் நடவடிக்கை: மும்முறை எழுதச் செய்தல். விளைவு: மாணவர் தொடர் விடுப்பு. பையனின் பெயர் தானாகவே பள்ளி செல்லாக் குழந்தைகள் பட்டியலுக்குப் போயிருக்கும். வட்டார வளமையத்திலிருந்து ஒருவர் சாவகாசமாக மூன்று வருடம் கழித்து விருபாட்ச குகைக்கு மூச்சிரைக்க ஏறி வந்து ஆதார் எண் கேட்டிருப்பார். பதில் வராமல் போகவே, ‘மாணவர் பேச மறுக்கிறார், சிறப்புக் கவனம் தேவை’ என்று ஒரு டிக் அடித்துவிட்டு இறங்கியிருப்பார். எல்லாக் கட்டமும் பச்சையாகியிருக்கும். ஒரு கேள்வி மட்டும் எந்தக் கட்டத்திலும் வந்திருக்காது: நான் நடத்திய பாடத்தில் என்ன இருந்தது, அல்லது என்ன இல்லை, இந்தப் பையன் கண்ணை மூடிக்கொள்ள?

ஒரு ஆசிரியர் தன் வகுப்பைத் தானே திரும்பிப் பார்ப்பது என்பது இந்த ஒரு கேள்விதான். இதைக் கேட்காமல் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு முப்பது வருட அனுபவம் கிடையாது. ஒரு வருட அனுபவத்தை முப்பது தடவை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதுவும் இம்போசிஷன்தான்.

டிசம்பர் பிறந்தால் திருவண்ணாமலை ரமணா நகரில் நோட்டுப் புத்தகங்கள் பூக்க ஆரம்பிக்கும். தடித்த அட்டை, சொரசொரப்பான கைக்காகிதம், கட்டுவதற்கு நாடா. காபிக் கடை மேசைகளில் பெர்லினிலிருந்தும் டெல் அவிவிலிருந்தும் வந்தவர்கள் காலையில் மனசுக்குள் என்ன ஓடியது, நேற்று என்ன ஓடியது, இரண்டுக்கும் நடுவில் என்ன ஓடாமல் நின்றது என்று மணிக்கணக்காக எழுதிக்கொண்டிருப்பார்கள். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் உள்முகப் பயிற்சி நோட்டீஸ். பத்து நாள் சும்மா இருக்கக் கட்டணம் உண்டு, சாப்பாடு தனி. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காசும் நேரமும் உள்ளவர்கள் தங்களைத் தேடட்டும், தொலைத்த ஊர் வேறாக இருந்தாலும்.

என் வயிற்றெரிச்சல் நாலு தெரு தள்ளி. அங்கேயும் ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். தன்னைத் தேட அல்ல, ‘நோட்ஸ் ஆஃப் லெசன்’ எழுத. அதை முடித்தால் ‘வொர்க் டன்’ ரெஜிஸ்டர். அதற்கடுத்து எமிஸ், பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசுத் தளம். எமிஸ் சுற்றிக்கொண்டே இருந்தால், சுற்றுகிற நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னும் பதிவேற்றாத பள்ளிகள்’ பட்டியல், சிவப்பு எழுத்தில். இதே ஊரில் ஒருவர் தன்னைப் பற்றி யோசிக்கக் கடல் கடந்து விமானம் ஏறி வருகிறார். இவருக்குத் தன் வகுப்பைப் பற்றி யோசிக்க அரை மணி கிடைப்பதில்லை.

‘அவர்களுக்கும் யோசிக்க நேரம் ஒதுக்கிவிட்டால் போயிற்று’ என்று யாராவது நல்ல மனசுடன் மேலே சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ஒதுக்கினால் என்ன வரும் என்று தெரியும். துறையின் செயல்முறைகளைப் படித்துப் பழகிய எவரும், இன்னும் வராத அந்தச் செயல்முறையை ஒரு வரி தப்பாமல் இப்போதே எழுதிவிடலாம்:

“பொருள்: தொடக்கக் கல்வி – ஆசிரியர்கள் தங்கள் கற்பித்தல் குறித்துத் தாங்களே ஆழ்ந்து சிந்தித்தல் – கால அட்டவணை வெளியிடுதல் – சார்பு.

பார்வையில் காணும் காணொலிக் கூட்ட அறிவுரைகளின்படி, அனைத்து ஆசிரியர்களும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிற்பகல் 3.50 முதல் 4.00 மணி வரை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். சிந்தித்த விவரத்தினை அன்றே மாலை 5.00 மணிக்குள் செயலியில் உள்ளீடு செய்தல் வேண்டும். சிந்திக்கும்போது எடுக்கப்பட்ட புகைப்படம் இரண்டு (நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று) இணைக்கப்பட வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவர் சிந்திக்கும் நேரத்தில் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும். ஓராசிரியர் பள்ளிகள் தக்க மாற்று ஏற்பாடு செய்துகொண்டு சிந்திக்கவும். சிந்தனை ஏதும் எழாத பள்ளிகள் ‘இன்மை’ அறிக்கை அனுப்புதல் வேண்டும். இப்பொருளில் சுணக்கம் காட்டும் தலைமையாசிரியர்கள் மீது விதிகளின்படி நடவடிக்கை மேற்கொள்ளப்படும். பெற்றுக்கொண்டமைக்கு உடன் ஒப்புதல் அளிக்கவும்.”

சிரிக்கிறவர்கள் ஆசிரியர்களாக இருக்க மாட்டார்கள். ஆசிரியர்கள் இந்நேரம் ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்று கட்டைவிரல் போட்டிருப்பார்கள்.

கணக்குக்கு வருவோம். மூன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் 52 − 27. ஒரு சிறுமி 35 என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ‘கவனம் தேவை’. நோட்டு மூடப்படுகிறது. தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை நோட்டு இப்படி மூடப்படுகிறது என்று எந்தச் செயலியும் எண்ணுவதில்லை.

நோட்டை மூடாமல் அடுத்த கணக்கைப் பாருங்கள். 61 − 34. அவள் விடை 33. அதற்கடுத்து 80 − 46. விடை 46. ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தால் போதும். 52-இலும் 27-இலும் ஒன்றாம் இடத்தில் 2, 7. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து. பத்தாம் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. எந்த இடத்தில் எது பெரிய எண்ணோ, அதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறாள். மூன்று கணக்கிலும் ஒரே விதி, ஒரு இடம்கூடப் பிசகவில்லை. இதற்குத்தான் ‘கவனம் தேவை’ என்று எழுதியிருக்கிறோம். இதைவிடக் கவனமாக ஒருவர் தப்புப் போட முடியாது.

சரி, இந்த விதியை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாம்தான். ஒன்றாம் வகுப்பில் ‘சின்னதிலேர்ந்து பெருசு போகாது, பெருசுலேர்ந்துதான் சின்னது போகும்’ என்று பாட்டாகவே பாடவைத்தோம். அவள் கீழ்ப்படிந்தாள். மூன்றாம் வகுப்பில் வந்து ‘போகலைன்னா பக்கத்து வீட்ல கடன் வாங்கு’ என்றோம். வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டாமா என்று கேட்ட குழந்தைகள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதிலாக மண்டையில் கொட்டு வாங்கிய குழந்தைகளும் உண்டு. பக்கத்து வீட்டில் வாங்கியது ஒன்று, இங்கே வந்ததும் பத்தாகிவிட்டது எப்படி என்பதற்கு ஒரு கட்டுக் குச்சியை அவிழ்த்துக் காட்டியிருக்க வேண்டும். கட்டு பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. தலைமையாசிரியர் கூட்டத்தில் இருக்கிறார்.

இதே சிறுமியைப் பௌர்ணமி ராத்திரி கிரிவலப் பாதையில் எமலிங்கம் பக்கம் பாருங்கள். அம்மா போட்டிருக்கும் கற்பூரத் தட்டுக் கடையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டுகிறார். பின்னால் கூட்டம் நெட்டித் தள்ளுகிறது. அவள் மூன்று ஒரு ரூபாய்க் காசை எடுத்து ‘முப்பது’ என்கிறாள், இரண்டு பத்து ரூபாயை வைத்து ‘நாப்பது, அம்பது’ என்கிறாள். முடிந்தது. கடனும் வாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்கும் போகவில்லை. கழித்தலைக் கூட்டலாகப் போட்டுவிட்டாள். அதே கை திங்கட்கிழமை காலையில் 52 − 27-க்கு 35 எழுதுகிறது, ஏனென்றால் அது பள்ளிக்கூடத்துக் கணக்கு. அவளுக்குத் தெரிந்த கணக்கு பள்ளிக்கூட வாசலில் செருப்போடு நிற்கிறது.

இதைக் கண்டுபிடித்த ஆசிரியர் மறுநாள் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்க மாட்டார். சில்லறையில் தொடங்குவார். அது சரிவருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால் அதையும் மாற்றுவார். ‘கவனம் தேவை’ என்று எழுதிய இடத்தில் யாருக்கு என்று தன்னையே கேட்டுக்கொள்வார். இவ்வளவுதான் விஷயம். ஜான் டூயி 1910-இல் ‘நாம் எப்படிச் சிந்திக்கிறோம்’ என்று ஒரு புத்தகம் எழுதியதன் சாரமே, யோசனை என்பது ஒரு இடத்தில் இடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் பிறக்கிறது என்பது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைக்கிறவனுக்கு அது பிறக்காது. டொனால்ட் ஷோன் 1983-இல் கட்டடக் கலைஞர்களையும் மனநல மருத்துவர்களையும் கூர்ந்து பார்த்து, கைதேர்ந்தவர் வேலை நடக்கும்போதே ஒரு கண்ணால் அதை யோசித்துக்கொண்டிருக்கிறார், முடிந்தபின் இன்னொரு தடவை யோசிக்கிறார் என்று எழுதினார். உலகம் முழுக்க ஆசிரியர் கல்விக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததும் முதல் வேலையாக அதற்கு ஒரு படிவம் அச்சடித்தார்கள்.

படிவம் எந்தப் பெயரில் வந்தாலும் அதன் உயிர் ஒரே வரியில்தான் இருக்கிறது: ‘கற்றல் விளைவு எட்டப்பட்டதா? ஆம் / இல்லை’. ‘இல்லை’ போட்டுப் பாருங்கள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘ஏன் உங்க பள்ளி மட்டும் சிவப்புல இருக்கு?’ என்று கேட்பார்கள். அதற்கப்புறம் யார் ‘இல்லை’ போடுவார்கள்? டூயி சொன்ன இடிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து அடைப்பதற்கென்றே செய்த கருவி இது. தமிழ்நாட்டில் கல்வி பச்சையாக இருக்கிறது, எட்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைதான் வகுத்தல் தெரியாமல் முழிக்கிறது.

நம் சிறுமியின் 35-ஐக் கண்டுபிடித்த ஆசிரியர் அதை எங்கே போய்ச் சொல்வது? சனிக்கிழமை குறுவளமையக் கூட்டம் இருக்கிறதே என்பீர்கள். சி.ஆர்.சி. மீட்டிங். அதற்கென்றே உண்டாக்கிய இடம் அது. பத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, நம்ம பிள்ளைகளுக்கு எங்கே இடிக்கிறது என்று பேசிக்கொள்ள. ஜப்பானில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதைச் செய்கிறார்கள். ஒருவர் பாடம் எடுக்க, மற்ற ஆசிரியர்கள் சுவரோரம் நின்று பிள்ளைகளின் முகத்தையும் நோட்டையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பாடத்தைப் பிரித்து மேய்கிறார்கள். பாடத்தைத்தான், பாடம் எடுத்தவரை அல்ல.

இங்கே என்ன நடக்கிறது? சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்ல, வட்டாரம் குறுவளமையத்துக்குச் சொல்லும். மேலே ஒரு படி பால் ஊற்றினால் ஒவ்வொரு படியிலும் ஒரு செம்புத் தண்ணீர் சேர்ந்து, கீழே வரும்போது கையைக் கழுவிக்கொள்ளலாம். முந்தாநாள் கேட்டதை இன்றைக்குச் சொல்ல வேண்டிய கருத்தாளரும் பாவம், ஒரு ஆசிரியர்தான். அவர் கையில் பெரியவர்கள் தயாரித்த பி.பி.டி. இருக்கிறது. ‘சிந்திக்கும் ஆசிரியரின் ஐந்து பண்புகள்’. ஐந்து பண்பையும் வாசிப்பார். குழுச் செயல்பாடு என்று சார்ட் பேப்பர் கொடுப்பார். நாலு பேர் சேர்ந்து மரம் வரைவார்கள், வேரில் ‘அன்பு’, தண்டில் ‘பொறுமை’, கிளையில் ‘தொழில்நுட்பம்’. மரத்தோடு நின்று ஒரு போட்டோ. பின்னூட்டப் படிவத்தில் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’. அந்த அறையில் ஒருவர் கையை உயர்த்தி, ‘சார், என் வகுப்புல ஒரு பொண்ணு 52-ல 27 போனா 35-ங்குது, பாருங்க எவ்வளவு அழகா தப்பு போட்டிருக்கு’ என்று நோட்டை நீட்டினால், ‘நல்ல கேள்வி மேடம், கடைசில பேசலாம்’ என்பார். கடைசியில் வருகைப்பதிவில் கையெழுத்து வாங்குவார்கள்.

இதற்கெல்லாம் ஊற்றுக்கண் வேறிடத்தில் இருக்கிறது. 2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் புது விதிமுறை போட்டது. 2015-இலிருந்து பி.எட். இரண்டு வருடம். பாடத்திட்டத்தில் ‘தன்னைப் புரிந்துகொள்ளுதல்’ என்றே ஒரு பகுதி வந்தது. படித்ததைப் பற்றித் தானே யோசித்து எழுதுவதற்கு இன்னொன்று. எண்ணம் தங்கமான எண்ணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தியாவில் தங்கமான எண்ணத்துக்கெல்லாம் ஒரு ரெக்கார்டு நோட்டு போட்டாக வேண்டும்.

1902-இல் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் மலைமேல் பேசாமல் இருந்த நம் வெங்கட்ராமனிடம் ‘நான் யார்?’ என்று கேட்டார். பதில்கள் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக்காட்டப்பட்டன. எழுதி, அழித்து, மறுபடி எழுதி. அதற்கு மார்க் கிடையாது, வைவா கிடையாது. இன்றைக்கு அதே மலையடிவாரத்திலும் சரி, மாநிலம் முழுவதும் சரி, அந்தக் கேள்விக்குப் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மார்ஜின் கோடு பென்சிலில் இழுத்து, சீனியர் நோட்டைப் பார்த்து விடை எழுதப்படுகிறது. அதற்கும் சோம்பல் வந்தால் கல்லூரி வாசலிலேயே ரெக்கார்டு எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறது, பக்கத்துக்கு இவ்வளவு என்று. ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் பதில் எழுதுகிறார். பதில் எல்லா நோட்டிலும் ஒன்றே. அத்வைதம் இதைவிடத் தெளிவாக நிரூபணமானதில்லை.

கல்லூரிப் பக்கமே தலை வைக்காமல், கட்டணத்தோடு கூடக் கொஞ்சம் கட்டிப் பட்டம் வாங்கியவர்களைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் ஆய்வுக்கு வருகிறவர்கள் மட்டும். வருகிற அன்றைக்கு வகுப்பறை நிரம்பியிருக்கும். இப்படிப்பட்ட படிப்பு நடக்கும் ஊரில், 2023-இல், தொடக்கப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்று மதிப்பிட பி.எட். மாணவர்களை அனுப்ப முடிவெடுத்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. கொதிக்காமல் என்ன செய்வார்கள்? பதினைந்து வருடம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவரை, தன்னையே ஜெராக்ஸ் கடையில் புரிந்துகொண்டவர் வந்து மதிப்பிட வேண்டும்.

ஆசிரியர்களையும் சும்மா விட முடியாது. ‘மண்டையில ஏறல சார்’ என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓய்வுபெறும் வரை ஓட்டியவர்கள் ஓய்வறைக்கு ஓய்வறை இருக்கிறார்கள். ஏறாததற்குக் காரணம் எப்போதும் மண்டை, ஏற்றியவர் அல்ல. ‘அந்தத் தெரு பசங்க அப்படித்தான்’ என்பார்கள். எந்தத் தெரு என்று சொல்லாமலே எல்லோருக்கும் புரியும். அதில் சாதி இருக்கும், அவர்கள் நோட்ஸ் ஆஃப் லெசனில் அது இருக்காது. தன் கற்பித்தலைத் திரும்பிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, தான் யாரை முதல் பெஞ்சில் உட்காரவைக்கிறேன், யாரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புகிறேன், யார் பெயரை இன்னும் தெரிந்துகொள்ளவில்லை என்று பார்க்காதவருக்கு அந்த நோட்டு எதற்கு? பேராசிரியர் ச. மாடசாமி ‘என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா’ என்று ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். ஆசிரியர் தன் கையில் இருக்கும் ஆயுதத்தைத் தானே திருப்பிப் பார்ப்பதற்குத் தமிழில் ஆள் இல்லாமல் இல்லை. வாசிக்கத்தான் ஆள் குறைவு. சீட்டுக் கணக்கும் பஞ்சப்படி உயர்வும் பேசி முடித்தால்தானே.

கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ தமிழில் எப்போதோ வந்துவிட்டது. 1930களில் குஜராத்தியில் எழுதியது. அதில் வரும் ஆசிரியர் பெரிய கனவுகளோடு நாலாம் வகுப்புக்குள் நுழைகிறார். முதல் நாளே அமைதி விளையாட்டு. ஜன்னலைச் சாத்தி, பிள்ளைகளை மௌனமாக உட்காரச் சொல்கிறார். பிள்ளைகள் கத்தி, கூவி, ஆட்டத்தைக் குப்புறக் கவிழ்த்துவிடுகிறார்கள். படுதோல்வி. அன்றிரவு அவர் பிள்ளைகளைத் திட்டவில்லை, தன் திட்டத்தைத் திட்டிக்கொண்டார். மறுநாள் மௌனத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார். வகுப்பு கைக்கு வந்தது. தொண்ணூறு வருடம் ஆகிறது. இந்த ஒரு ராத்திரி யோசனையை எந்தக் கருத்தாளரும் பி.பி.டி.யில் அடைக்க முடியவில்லை. அந்த ஆசிரியருக்கு ஒரு பெரிய வசதி இருந்ததை மறக்கக் கூடாது: அன்றைக்குச் சாயங்காலம் ‘அமைதி விளையாட்டு – வெற்றிகரமாக நடைபெற்றது’ என்று அவர் பதிவேற்ற வேண்டியிருக்கவில்லை.

மௌனம் என்றதும் ஞாபகம் வருகிறது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்திலேயே தட்சிணாமூர்த்தி கோயில் இருக்கிறது. குரு இளைஞர், சீடர்கள் கிழவர்கள், பாடம் மௌனம். நல்லவேளை, அவர் பணிவிதிகள் வருவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இப்போது என்றால் பார்வைக்கு வந்த குழு ‘கற்பித்தல் செயல்பாடு நடைபெறவில்லை, துணைக்கருவி பயன்படுத்தப்படவில்லை’ என்று எழுதியிருக்கும். ஒழுங்கு நடவடிக்கையாகப் பேசாமல் இருந்ததற்கு ஒரு 17-ஏ, மாணவர் வயது எமிஸோடு ஒத்துப்போகாததற்கு ஒரு 17-பி.

இந்த வேடிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதில் வேடிக்கை கம்மி. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை மதனப்பள்ளி பக்கம் ரிஷி பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்க்கவைத்தார். திரும்பி வந்த ஆசிரியர்கள் கையால் பாட அட்டைகள் செய்தார்கள், கற்றலுக்கு ஏணிப்படி வைத்தார்கள், பிள்ளைகள் எட்டும் உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை அடித்தார்கள். அந்த ஆரம்பப் பள்ளிகளில் நடந்தது நிஜமான யோசனை. இந்த அட்டை ஏன் ஓடவில்லை, அந்தப் படி ஏன் இடிக்கிறது என்று ஆசிரியர்களே அடித்துத் திருத்திய யோசனை. அது வேலை செய்தது. வேலை செய்ததுதான் அதன் துரதிர்ஷ்டம். 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய் என்று ஆணை. யோசித்துப் பிறந்த அட்டைகள் யோசிக்காமல் ஒப்பிக்க வேண்டிய அட்டைகளாக அச்சாகி லாரியில் வந்து இறங்கின. செய்தவர்களுக்கு அட்டை ஒரு கேள்வி, வாங்கியவர்களுக்கு அது ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர். கொஞ்ச வருடத்தில் கரையான் அரித்தது போக மிச்சம் பீரோவில் ஏறியது, குச்சிக் கட்டுக்குப் பக்கத்தில்.

அதற்கப்புறம் 2012-13இல் முப்பருவமும் தொடர் மதிப்பீடும். ‘அ’ பகுதி, ‘ஆ’ பகுதி, பக்கம் பக்கமாகக் கட்டங்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர். எல்லாம் அழகான பெயர்கள். ஒவ்வொன்றிலும் யாரோ உண்மையாக உழைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நல்லது நடந்தும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் வரும்போது ஆசிரியருக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: இதுவரை செய்ததை மற, இதைச் செய். போகும்போது சொல்லப்பட்டதும் அதேதான். 2023 அக்டோபரில் தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் போராட்டம் அறிவித்தபோது கோரிக்கைப் பட்டியலில் எமிஸ் வேலையிலிருந்து விடுதலையும் இருந்தது. கற்பிக்க விடுங்கள் என்று ஒரு மாநிலத்தின் ஆசிரியர்கள் கோரிக்கை வைத்துப் போராட வேண்டியிருந்தது. பேச்சுவார்த்தையும் நடந்தது.

நேர்மையாகத் திரும்பிப் பார்க்கும் ஆசிரியர் என்ன எழுதுவார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ‘இன்று கழித்தல் எடுத்தேன். நடுவில் இரண்டு தடவை போன் வந்ததால் எழுந்து போனேன். பக்கத்து வகுப்பில் ஆசிரியர் இல்லாததால் அந்தப் பிள்ளைகளும் என்னிடம் இருந்தார்கள். வாக்காளர் பட்டியல் வேலைக்காக நேற்று வரவில்லை. 35 எழுதிய பிள்ளையோடு உட்கார எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிஷம். ஒன்றாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த விதியே தப்பாகிவிட்டது என்று இப்போதுதான் புரிந்தது.’ கடைசி வாக்கியம் அவரைப் பற்றியது. மற்ற வாக்கியங்கள் அவரைப் பற்றியவை அல்ல. அதனால்தான் படிவத்தில் வாக்கியத்துக்கு இடம் இல்லை, டிக்குக்கு மட்டும் இடம் இருக்கிறது. உண்மையாக யோசிக்கும் ஆசிரியரின் நோட்டு மேலே போகப் போக யாருக்காவது சங்கடத்தைக் கொண்டுவரும். டிக் சங்கடப்படுத்தாது. டிக்குக்கு முதுகெலும்பு கிடையாது, இரண்டு கோடுதான்.

கீழே இருப்பவர் மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது இந்த நாட்டில் எழுதாத விதி. அட்டை முறையைக் கொண்டுவந்தவர்களும் நிறுத்தியவர்களும், கட்டம் போட்டவர்களும் கட்டத்தை எடுத்தவர்களும், செயலியை இறக்கியவர்களும் அடுத்த செயலிக்கு டெண்டர் விட்டவர்களும், நாங்கள் என்ன நினைத்தோம், என்ன நடந்தது, எங்கே பிசகினோம், எந்தக் குழந்தை எதைக் கற்கவில்லை என்று தங்கள் கைப்பட எழுதிய ஒரு பக்கம் எந்த ஆசிரியர் கைக்காவது வந்ததுண்டா? அவர்களுக்கு வெள்ளிக்கிழமை 3.50 கிடையாது. பச்சை, சிவப்பு கிடையாது. பக்கவாட்டுப் போட்டோ கிடையாது. மாற்றலாகிப் போகும்போது சால்வை உண்டு.

அந்த ஒரு பக்கத்தை எழுதச் சொல்லி ஒரு செயல்முறை தயார் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பொருள் எழுதியாயிற்று. பார்வை எழுதியாயிற்று. மாலை 5 மணிக்குள் என்றும் போட்டாயிற்று. பெறுநர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று மட்டும் எந்த எழுத்தரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்கிறார்.